மழைக்காகக் காட்டைக் கொளுத்தச் சொன்னவர்

"சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்குது, அதான் மழை." 1830கள் வரைக்கும் பல அறிஞர்கள் நம்பியது இதைத்தான். ஜேம்ஸ் ஹட்டன் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சொன்ன விளக்கம். ஆனால் இரண்டு காற்றுகள் கலந்து கிடைக்கிற தண்ணீர் ரொம்பக் கொஞ்சம். ஒரு நல்ல மழைக்கே காணாது.

அப்போ தண்ணீர் எங்கிருந்து வருது? பதிலைப் பிடித்தவர் பிலடெல்பியாவில் இருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஜேம்ஸ் எஸ்பி. என்னைப் போன்ற பகுதிநேர ஆராய்ச்சிக்காரர்களுக்கு இவர் குலதெய்வம் மாதிரி!

சைக்கிள் ட்யூபின் வால்வைத் திறந்தால் வரும் காற்று சில்லென்று இருக்கும், கவனித்திருப்பீர்கள். விரிகிற காற்று குளிரும். மேலே போகப்போக அழுத்தம் குறைவதால், ஏறுகிற காற்றும் விரிந்து, கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிர்கிறது. ஒரு கட்டத்தில் அதிலிருக்கும் நீராவி துளிகளாகிவிடும். அங்கேதான் மேகத்தின் அடிப்பாகம்.

எஸ்பியின் நிஜமான கெட்டிக்காரத்தனம் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. நீராவி தண்ணீராகும்போது, ஆவியாகும்போது வாங்கிவைத்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும். 1 கிராம் நீராவி துளியானால் 1 கிலோ காற்று சுமார் 2.5 டிகிரி சூடாகும். சூடானது இன்னும் ஏறும், இன்னும் துளியாகும், இன்னும் சூடாகும். எங்க பாஷையில் சொன்னால், பாசிட்டிவ் ஃபீட்பேக் லூப். ஒரு பாத்திரத்தில் காற்றை அமுக்கி, சட்டென்று திறந்துவிட்டு, வெப்பம் எவ்வளவு இறங்குது என்று அளந்தார். ஈரக்காற்று வறண்ட காற்றைவிடக் குறைவாகவே குளிர்ந்தது. கருவிக்கு நெஃபலஸ்கோப் என்று பெயரும் வைத்தார். 1841இல் எல்லாவற்றையும் புத்தகமாகவே போட்டார்.

இதோடு விட்டிருக்கலாம். மனுஷன் விடவில்லை. காற்று மேலே ஏறினால் மழை என்றால், நாமே காட்டைக் கொளுத்தி ஏற்றிவிடலாமே என்று அரசாங்கத்திடம் போய் நின்றார். கேலிப் பேச்சுதான் மிச்சம்.

கேலி முழுக்க நியாயம் என்று எனக்குத் தோணலை. 2019-20 ஆஸ்திரேலியக் காட்டுத்தீ தனக்கென்று இடிமேகங்களையே உருவாக்கியது. ஆனால் மேகத்துக்கு எரிபொருள் நீராவி. தீ வெறும் தீக்குச்சி. ஈரமும், மேலே போதுமான குளிரும் இல்லாத நாளில் எத்தனை ஏக்கர் எரித்தாலும் புகைதான்.

1842இல் அமெரிக்க அரசு எஸ்பியை வானிலை ஆய்வாளராகவே வேலைக்கு வைத்துக்கொண்டது. காட்டுக்குத் தீ வைக்க மட்டும் அனுமதி தரவில்லை.