பைன்ஹர்ஸ்ட் எண் 2: கிரீன்களின் மாற்றம்

அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள புகழ்பெற்ற கோல்ஃப் மைதானம். ஸ்காட்லாந்தில் பிறந்த டொனால்ட் ராஸ் வடிவமைத்த இதன் 18 குழிகளும் 1907இல் ஆட்டத்துக்கு வந்தன. 1948இல் மறையும்வரை ராஸ் இதைச் செப்பனிட்டுவந்தார்.

தொடக்கத்தில் கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றியுள்ள தளங்களில், புல் இல்லை. அவை தட்டையான மணல்தளங்கள். காலடித் தடங்களைக் கம்பளத் துண்டை இழுத்துச் சமன்செய்வார்கள். 1935இல் ராஸ் அவற்றைப் பெர்முடா புல்தளங்களாக்கி, ஏற்ற இறக்கங்களையும் அமைத்தார்.

இன்று அவை கவிழ்த்த தட்டுப்போல நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிந்தும் உள்ளன. சற்றே வழிதவறும் பந்தும் உருண்டு வெளியேறிவிடும். இந்த மேடு முழுவதும் ராஸின் திட்டமன்று. புல்லைப் பேணப் பல்லாண்டுகள் தூவிய மணல் படிந்ததும் இதற்கு முக்கியக் காரணம் என்பது மைதான வரலாற்றாளர் பலரின் கருத்து.

2010–11இல் பில் கூர், பென் கிரென்ஷா இருவரும் மைதானத்தின் பழைய மணல்வெளிகளை மீட்டனர். கிரீன்களைப் பெரும்பாலும் தொடவில்லை. 2014 யு.எஸ். ஓப்பன் போட்டிகளுக்குப் பின், அப்போது கிரீன்களில் இருந்த பென்ட் என்னும் புல்வகை அகற்றப்பட்டு, வெப்பம் தாங்கும் பெர்முடா வகை மீண்டும் இடப்பட்டது.