கற்பூரமா, முயலா? ஒரு வெற்று வளையத்தின் கதை

ஒரு செடி தன் வேதிப்பொருளால் பக்கத்துச் செடியைப் பாதிப்பதை அலெலோபதி என்பார்கள். 1937இல் இந்தப் பெயரை வைத்தவர் ஆஸ்திரிய தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ். ஆனால் இந்தத் துறை பரவலாகப் பேசப்பட்டதற்கு முக்கியக் காரணம், 1964இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு.

சான்டா பார்பரா பக்கத்து மலையடிவாரங்களில் சால்வியா என்ற வாசனைப் புதர் மண்டிக் கிடக்கும். நம்ம துளசியின் குடும்பம்தான். புதரைச் சுற்றி ஒன்றிரண்டு மீட்டர் அகலத்துக்குப் புல் பூண்டு எதுவும் இருக்காது. அதைத் தாண்டினால்தான் புல்வெளி. மேலேயிருந்து பார்த்தால் யாரோ மண்வெட்டியால் செதுக்கிவிட்ட மாதிரி இருக்கும்.

இது ஏன் என்று ஆராய்ந்தவர் அங்குள்ள பல்கலைக்கழகத்தின் கொர்னீலியஸ் முல்லர். அவரும் கூட்டாளிகளும் 'சயின்ஸ்' இதழில் சொன்ன பதில்: இலையிலிருந்து ஆவியாகும் கற்பூரமும் சினியோலும்தான் காரணம். சினியோல்னா வேற ஒண்ணுமில்லை, நீலகிரித் தைலத்தில் மூக்கைத் துளைக்கிறதே, அந்தப் பொருள். இந்த ஆவி பட்ட வெள்ளரி நாற்றுகளின் வேர் வளர்ச்சி ஆய்வகத்தில் குன்றிப்போனது.

ஆனா ஒரு சிக்கல். அந்த ஊரில் கோடை முழுக்க மழை கிடையாது, குளிர்காலத்தில்தான் பெய்யும். புல் விதை முளைப்பதும் அப்போதுதான். ஆவி நன்றாகக் கிளம்புவதோ கோடை வெயிலில். அது காற்றோடு போயிருக்காதா? போகாது என்றது முல்லர் குழு. காய்ந்த மண் அந்த ஆவியை உறிஞ்சி மாதக்கணக்கில் வைத்திருக்கும், மழையில் முளைவிடும் விதை அதில் மாட்டிக்கொள்ளும் என்றார்கள். கோடையில் போட்ட டெபாசிட்டை மழைக்காலத்தில் எடுக்கிற கணக்கு.

1969இல் அடினோஸ்டோமா என்ற இன்னொரு புதருக்கும் இதே போன்ற விளக்கம் வந்தது. அதில் நஞ்சு ஆவியாவதில்லை. வறட்சி மாதங்களில் இலைமேல் படிந்திருந்து, மழை கழுவும்போது மண்ணில் இறங்குகிறது. ஆக, இரண்டு விளக்கங்களுக்கும் பருவம்தான் அச்சாணி.

அடுத்த வருஷமே, 1970இல், அதே சயின்ஸ் இதழில் புரூஸ் பார்த்தலோமியூ ஒரு எளிய சோதனையை வெளியிட்டார். வெற்று வளையத்துக்குள் கம்பிவலைக் கூண்டுகளை வைத்தார். கூண்டுக்குள் புல் நன்றாக வளர்ந்தது. வெளியே பழையபடி கட்டாந்தரை. புதரும் மண்ணும் கோடையும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். கம்பிவலை வழியே ஆவி தாராளமாகப் போய்வரும். எலியும் முயலும் பறவையும்தான் போக முடியாது.

புதருக்குள் ஒளிந்து வாழும் இந்தப் பிராணிகள், வேட்டைக்கு வரும் பகைக்குப் பயந்து ரொம்ப தூரம் போவதில்லை. எட்டும் தூரத்தில் இருக்கிற விதையையும் தளிரையும் தின்றுவிட்டுத் திரும்பிவிடும். அப்படிப் பார்த்தால் வளையத்தின் அகலம் அவற்றின் பயத்தின் அளவு!

அப்போ முல்லர் சொன்னது பொய்யா? அப்படிச் சொல்ல முடியாது. கற்பூரம் இருந்தது நிஜம், அது வேரை ஒடுக்கியதும் நிஜம். முல்லரும் பிராணிகளைக் கவனிக்காமல் இல்லை. அவற்றுக்கு இரண்டாம் இடம் கொடுத்தார், அவ்வளவுதான். கூண்டுச் சோதனையும் நஞ்சே இல்லை என்று நிரூபிக்கவில்லை. வளையம் உருவாகப் பிராணிகளே போதும் என்றுதான் காட்டியது.

இங்கே கவனிக்க வேண்டியது, கோடைக்கும் மழைக்கும் நடுவே இருக்கிற அந்த இடைவெளி. இலைச்சாற்றைப் பிழிந்து விதைமேல் ஊற்றி, "பாருங்க, முளைக்கலை" என்று சொல்வது சுலபம். அந்தத் தட்டில் கோடையும் இல்லை, மழையும் இல்லை, முயலும் இல்லை. செடி நஞ்சைச் சுரப்பது எந்த மாதம், விதை முளைப்பது எந்த மாதம், நடுவில் மண்ணில் எவ்வளவு மிஞ்சுகிறது? இந்த மூன்றுக்கும் விடை இருந்தால்தான் ஒரு செடி இன்னொன்றைத் தடுக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். அதோடு, பக்கத்தில் ஒரு கம்பிவலைக் கூண்டும் இருந்தால் நல்லது.