கைமாறும் வில்லைகள்: ஜியோகேச்சிங் விளையாட்டில் பயணப் பொருள்களின் வரலாறு

ஜியோகேச்சிங் என்பது, செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவியின் துணையுடன், ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை மற்றவர்கள் தேடிக் கண்டடையும் பொழுதுபோக்கு ஆகும். 'கேச்' எனப்படும் அப்பெட்டிக்குள், கண்டவர்கள் பெயரும் தேதியும் எழுதும் ஒரு குறிப்பேடும், எடுத்ததற்கு ஈடாக ஒன்றை வைத்துச் செல்வதற்கான சிறு பொருள்களும் இருக்கும். அப்பொருள்களுள் ஒரு வகை மட்டும், எடுத்தவருக்கு உரிமையாகாமல், ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு அந்நியர்களின் கைவழியே சென்றுகொண்டேயிருப்பதற்காக அனுப்பப்படுவது. இவற்றின் நகர்வை இணையத்தில் யாரும் பின்தொடரலாம் என்பதால், இவற்றுக்குள் ஏதோ அலைபரப்பி பொருத்தப்பட்டிருப்பதாகப் புதியவர்கள் எண்ணுவதுண்டு. ஆனால் அவற்றில் மின்கலமும் இல்லை, சில்லும் இல்லை, ஓர் எண் மட்டுமே உண்டு. ஆகவே இப்பொருள்களின் வரலாறு கருவிகளின் வரலாறாக இல்லாமல், மனிதர்களின் மறதியையும் ஆசையையும் மீறி ஒரு கணக்கேட்டைச் சரியாக வைத்திருக்க எடுத்த முயற்சிகளின் வரலாறாகவே அமைந்திருக்கிறது.

இம்முயற்சிக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திலுள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்தில், எளிதில் சென்றடைய முடியாத கிரான்மியர் என்னும் சதுப்பிடத்தில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854இல் ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்து, அவ்வளவு தூரம் நடந்துவந்தவர்கள் தம் பெயரட்டையை அதில் இட்டுச் செல்லும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். நாளடைவில் நடையர்கள் தம் முகவரி எழுதிய அஞ்சலட்டைகளை அங்கே விட்டுச் செல்லவும், அடுத்து வருபவர் அவற்றை எடுத்துப்போய் அஞ்சலில் சேர்க்கவும் தலைப்பட்டனர். அட்டை வீடு வந்து சேர்ந்த நாளைக் கொண்டு, தமக்குப்பின் எப்போது ஒருவர் அங்கே சென்றார் என்பதை அனுப்பியவர் அறிந்துகொண்டார். அறிவியலுக்கும் இந்த உத்தி பயன்பட்டது. மொனாக்கோவின் இளவரசர் முதலாம் ஆல்பர்ட், அட்லாண்டிக் நீரோட்டங்களை அறிய 1885 முதல் 1887 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட மிதவைகளை, கண்டெடுப்பவர் செய்தி அனுப்பவேண்டும் என்ற குறிப்புடன் கடலில் விட்டார். டென்மார்க்கின் மார்ட்டென்சன் 1899இல் மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளின் கால்களில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டினார். கோடியக்கரையில் வலசைப் பறவைகளுக்குப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் மாட்டிவந்த வளையங்களும் அந்த வழியில் வந்தவையே. எனினும் மிதவைக்கும் வளையத்துக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு தகவல்தான் திரும்பி வரும். புறப்பட்ட இடமும் கிடைத்த இடமும் தெரியுமேயன்றி இடைப்பட்ட வழி தெரியாது. ஒவ்வொரு கைமாற்றமும் பதிவாகவேண்டும் என்ற எதிர்பார்ப்பு இணையம் பரவிய பிறகே எழுந்தது. டாலர் நோட்டுகளின் வரிசை எண்ணைப் பதிந்து அவை ஊர் சுற்றுவதைக் கவனிக்கும் 'வேர் ஈஸ் ஜார்ஜ்' என்ற அமெரிக்க இணையதளம் 1998இல் தொடங்கியபோது, எண் ஏற்கெனவே நோட்டில் அச்சிடப்பட்டிருந்தது அதன் நற்பேறு.

ஜியோகேச்சிங் பிறந்த சூழலை இங்குச் சுருக்கமாகவே சொன்னால் போதும். பொதுமக்களுக்குரிய ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க இராணுவம் வேண்டுமென்றே கலந்துவந்த பிழை, அதிபர் கிளிண்டனின் ஆணைப்படி 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கப்பட்டதும், நூறு மீட்டர் அளவுக்குத் தடுமாறிய கருவிகள் ஏறத்தாழப் பத்திருபது மீட்டருக்குள் இடம் காட்டலாயின. மே 3ஆம் நாள் டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தின் பீவர்க்ரீக் அருகே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் புதைத்து, அதன் ஆயங்களை இணையச் செய்திக்குழு ஒன்றில் அறிவித்தார். வாளிக்குள் நூல்கள், மென்பொருள், பணம், கவண் ஆகியவற்றோடு ஒரு டப்பா அவரையும் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் 75 பெட்டிகளின் பட்டியலோடு தொடங்கிய இணையதளமே பின்னர் சியாட்டிலைத் தலைமையிடமாகக் கொண்ட கிரவுண்ட்ஸ்பீக் நிறுவனமாக வளர்ந்தது.

பண்டமாற்றுக்கெனப் பெட்டியில் இட்ட பொம்மைகளுள் சிலவற்றில், 'என்னை வேறொரு பெட்டிக்கு எடுத்துச் செல்லுங்கள்' என்ற பொருள்படச் சீட்டெழுதிக் கட்டும் பழக்கம் தொடக்கத்திலேயே இருந்தது. சீட்டு நனைந்தால் கதை முடிந்தது. நனையாவிட்டாலும் எடுத்தவர் யாருக்கு, எப்படித் தெரிவிப்பது என்பது அவரவர் விருப்பத்தைப் பொறுத்ததாக இருந்தது. 2001ஆம் ஆண்டில் கிரவுண்ட்ஸ்பீக் வெளியிட்ட 'டிராவல் பக்' என்ற வில்லை இக்குறையைத் தீர்க்க வந்ததாகும். படைவீரர்கள் கழுத்தில் அணியும் அடையாள வில்லையின் வடிவில், மணிச்சங்கிலியில் கோக்கப்பட்ட உலோகத் தகடு அது. கடைப் பொருள்களில் காணும் பட்டைக் கோடுகளையே உடலாகக் கொண்ட ஒரு பூச்சியின் உருவமும், ஒரு குறியீட்டு எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரே எண்ணுடன் இரண்டு தகடுகள் தரப்பட்டன: ஒன்று பொம்மை, சாவி, பொத்தான் என எதனுடனாவது பிணைக்கப்பட்டு ஊர் செல்லும், மற்றது அனுப்பியவரிடம் நகலாகத் தங்கும். முதலில் புறப்பட்டவற்றுள் வாத்துப் பொம்மை ஒன்றும் உண்டு.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் உலோகத்தில் இல்லை, இரண்டு எண்களைப் பிரித்துவைத்ததில் இருக்கிறது. தகட்டில் பொறித்த எண் மறைவானது. பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு மட்டுமே தெரியவேண்டியது. இணையத்தில் அப்பொருளின் பக்கத்தைக் காட்டும் எண்ணோ எல்லார்க்கும் பொதுவானது. பக்கத்தைப் படிக்கப் பொது எண் போதும்; அதில் எழுத மறைவெண் வேண்டும். சாட்சி, கையொப்பம், பொறுப்பாளர் ஆகிய எவருமின்றி ஒரு கைமாற்றம் உண்மையா என்று சரிபார்க்க இதைவிடச் சிக்கனமான வழியைக் கற்பனை செய்வது கடினம்.

ஆனால் கணக்கேடு அவ்வளவில் நேராகிவிடவில்லை. பெட்டியிலிருந்து எடுத்ததை ஒரு பதிவாலும், இன்னொரு பெட்டியில் இட்டதை மற்றொரு பதிவாலும் தெரிவிக்கவேண்டும் என்பது விதி. எடுத்தவர் மறந்துவிட்டால், ஏட்டின்படி பொருள் பழைய பெட்டியிலேயே இருக்க, அதை நம்பி மலையேறி வந்தவர் வெறும் பெட்டியைத் திறந்து ஏமாறுவார். இட்டவர் மறந்துவிட்டால், ஏட்டின்படி இன்னும் அவர் கையில் இருப்பதை அடுத்தவர் எடுத்துப் பதிய முடியாது தடுமாறுவார். இத்தகைய அறுந்த சங்கிலியை ஒட்டுவதற்காகவே, பொருள் எங்கே கிடைத்திருந்தாலும் முந்தியவரின் கணக்கிலிருந்து தன் கணக்குக்கு மாற்றிக்கொள்ளும் பதிவு வகை உருவானது. தூரக் கணக்கும் விசித்திரமானது. ஏடு அறிவது பெட்டிகளின் ஆயங்களை மட்டுமே என்பதால், சியாட்டிலிலிருந்து டோக்கியோ வழியாக லண்டன் வந்த பொருளுக்கும் சியாட்டில்–லண்டன் நேர்கோட்டுத் தூரம் மட்டுமே சேரும். இடைப்பட்ட பயணத்தை இழக்க மனமில்லாதவர்கள், வழியில் கண்ட ஒவ்வொரு பெட்டியிலும் பொருளை இட்டதாகவும் உடனே எடுத்ததாகவும் இரட்டைப் பதிவு செய்தனர். அவ்வழக்கம் பெருகவே, பொருளைக் கைவிடாமல் ஒரு பெட்டிக்கு உடன் கொண்டு சென்றதை மட்டும் குறிக்கும் பதிவொன்றைத் தளமே வழங்கியது. விளையாடுவோரின் குறுக்குவழி விதியாக உயர்ந்தமைக்கு இதுவே நல்ல சான்று.

அழகு இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. எண் பொறித்த உலோக நாணயங்கள், அதாவது ஜியோகாயின்கள், அதே 2001ஆம் ஆண்டிலேயே சியாட்டில் பகுதியில் தோன்றின. சில ஆண்டுகளில் வண்ணப் பூச்சுடனும் நுண்ணிய வேலைப்பாட்டுடனும் அவை சேகரிப்புப் பொருள்களாயின. 2004இல் ஜீப் நிறுவனம் விளம்பரத்துக்காக விட்ட மஞ்சள் நிறச் சிறு ஜீப் பொம்மைகளுக்கும் அதே மவுசு. பெட்டியில் இட்ட நல்ல நாணயம் மறுமுறை தலைகாட்டாது என்பதை அனுபவத்தில் கண்டவர்கள், அதை வீட்டில் பத்திரப்படுத்தி, ஆட்டக்காரர்கள் கூடும் இடங்களில் மேசைமீது பரப்பி, எண்ணை மட்டும் குறித்துக்கொள்ள விட்டனர். பொருளை எடுக்காமல் கண்டதாக மட்டும் தெரிவிக்கும் பதிவு இப்பழக்கத்துக்கு ஏற்றதாயிற்று. அதன் கேடு விரைவிலேயே வெளிப்பட்டது: எண் பட்டியல்கள் கைமாறின, பொருளின் பக்கமே வராதவர்கள் நூற்றுக்கணக்கில் 'கண்டேன்' எனப் பதிந்தனர். மறைவெண் என்ற அடித்தளமே இதனால் பலவீனமடைந்தது என்பதில் ஐயமில்லை. விமான நிலையங்களின் அருகே பயணப் பொருள்களுக்கெனவே அமைந்த, 'டிராவல் பக் ஹோட்டல்' என்று செல்லப்பெயர் பெற்ற பெரிய பெட்டிகளிலும் ஒரு கோணல் வழக்கு எழுந்தது. ஒன்றை எடுப்பவர் ஒன்றை வைத்தே தீரவேண்டும் என்று சில பெட்டிக்காரர்கள் நிபந்தனையிட, கையில் மாற்றுப்பொருள் இல்லாதவர்கள் எடுக்காமல் சென்றனர். ஹோட்டல் சிறையானது என்று ஆட்டக்காரர்களே கேலி பேசினர்.

வில்லையை விலைகொடுத்து வாங்கவேண்டியிருந்த நிலைக்கு மாற்றாகப் போலந்தில் 'ஜியோகிரெட்டி' என்ற கட்டணமற்ற ஏற்பாடு உருவானது. அதில் யாரும் தம் பொருளைப் பதிந்து, எண்ணை வீட்டிலேயே காகிதத்தில் அச்சிட்டு ஒட்டிக்கொள்ளலாம். ஐரோப்பாவில் அது வேரூன்றியபோதும், உலோக வில்லையின் இடத்தை அது பிடிக்கவில்லை. காகிதச் சீட்டு நனையும் என்ற பழைய சங்கடம் ஒரு காரணமாகலாம்.

அல்மரின் வாளியிலிருந்த அவரை டப்பா பின்னாளில் அதே இடத்திலிருந்து மீட்கப்பட்டு, எண் பெற்று, பயணப் பொருளாகவே ஊர் சுற்றியது. அதைவிட உயரம் சென்றவையும் உண்டு. 2008 அக்டோபரில் தனிப்பயணியாகப் பன்னாட்டு விண்வெளி நிலையம் சென்ற ரிச்சர்ட் கேரியட் அங்கே ஒரு வில்லையை விட்டுவந்தார். 2013 நவம்பரில் விண்வெளி வீரர் ரிக் மாஸ்ட்ராக்கியோ இன்னொன்றை எடுத்துச் சென்றார். அதே சோயூஸ் கலத்தில்தான் சோச்சி ஒலிம்பிக் போட்டிக்கான தீப்பந்தமும், ஏற்றப்படாமல், பயணம் செய்தது. 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியிலும் ஒரு பயண எண் இருக்கிறது. ஷெர்லாக் என்ற ஆய்வுக்கருவியைச் சரிபார்ப்பதற்காக ஊர்தியில் பொருத்திய மாதிரிப் பலகையில், விண்வெளி உடையின் தலைக்கவச முகப்புக்குரிய பாலிகார்பனேட் துண்டின்மீது அவ்வெண் அமைந்துள்ளது. ஊர்தியின் வாட்சன் கேமரா அப்பலகையைப் படமெடுத்து அனுப்ப, பூமியிலிருந்த ஆட்டக்காரர்கள் படத்தைப் பெரிதாக்கி எண்ணைப் படித்தனர்; எடுக்கவோ வேறு பெட்டியில் இடவோ வழியில்லாததால், அதற்கு அவர்கள் செய்யக்கூடிய பதிவு 'கண்டேன்' என்பது ஒன்றே.