திருப்பத்தூர் வெயிலில் புல்தரை: மஞ்சளானா பதறாதீங்க!

வீட்டு முன்னாடி 200 சதுர அடி இடம். ஆசை ஆசையா புல் பதிச்சாச்சு. கார்த்திகையில் எடுத்த போட்டோவுக்கு லைக்ஸ் அள்ளுச்சு. ஆனா சித்திரை பிறந்ததும் தரை மஞ்சளாகி, வைகாசியில் வைக்கோல் மாதிரி ஆகிடுது. உடனே ரெண்டு வேளையும் ஹோஸ் பைப்பைத் திறந்து விடுறோம். போர்வெல் வத்த ஆரம்பிக்கும் அதே மாசத்தில்!

திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் லான் வெச்சிருக்கிற பலரும் செய்யும் தப்பு இதுதான். கோடையில் மஞ்சளாகும் புல் பெரும்பாலும் செத்துப்போகலை, தூங்குது. அதைத் தூங்க விட்டாலே பாதி வேலை முடிஞ்சது.

யூடியூப் காலண்டர் நமக்கு ஒத்துவராது

லான் பராமரிப்பு வீடியோக்களில் பாதி, அமெரிக்கா, இங்கிலாந்து தோட்டங்களுக்கானவை. அங்கே பல இடங்களில் வளர்வது ரை, ஃபெஸ்க்யூ போன்ற குளிர்காலப் புற்கள். நம்ம ஊரில் வளர்வது வெயில்காலப் புற்கள். அதனால, 'இலையுதிர் காலத்தில் உரம் போடுங்க' என்ற டிப்ஸை இங்கே அப்படியே செய்தால் பலன் இருக்காது.

இன்னொரு குழப்பம், ஏலகிரி. ஒரே மாவட்டம்தான். ஆனா ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல. திருப்பத்தூர் நகரம் 400 மீட்டருக்கும் கீழ. மலை மேல் பசேல்னு இருக்கிற புல்தரையைப் பார்த்துட்டு, கீழே ஜவ்வாது மலை அடிவாரத்தில் அதே பச்சையை மே மாசத்தில் எதிர்பார்க்க முடியாது.

எந்தப் புல்?

சிம்பிளான பதில்: அருகம்புல். விநாயகருக்கு மாலை கட்டுறோமே, அதேதான். உலகம் முழுக்க கிரிக்கெட், கால்பந்து மைதானங்களில் இருக்கிற பெர்முடா கிராஸும் இந்த இனமும் ஒன்றே. கல்யாண வீட்டில் பெரியவங்க 'ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரூன்றி' என்று வாழ்த்துவது சும்மா இல்லை. மேலே இலை காய்ந்தாலும், மண்ணுக்குள் ஓடும் தண்டில் இது உயிரைப் பிடிச்சு வெச்சிருக்கும். ஓரளவு உப்புத் தண்ணியையும் தாங்கும்.

ஒரே கண்டிஷன், தினமும் குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேணும். மாமர நிழல், மதில் நிழல் விழும் இடமா? அங்கே அகன்ற இலை கொண்ட பஃபலோ கிராஸ் பரவாயில்லை. கொரியன் கிராஸ் மெத்தை மாதிரி அழகா இருக்கும். ஆனா பரவ ரொம்ப நாள் எடுக்கும்.

நம்ம ஊர் லான் காலண்டர்

ஆனி - ஆடி (ஜூன் பாதி முதல் ஆகஸ்ட் பாதி வரை): தென்மேற்குப் பருவமழை எட்டிப் பார்க்கும் நேரம். புதுசா புல் பதிக்க இதுவே சரியான சமயம். ஒரு அடி ஆழத்துக்குக் கொத்தி, கல்லையும் கோரைக்கிழங்கையும் பொறுக்கி எடுங்க. மக்கிய தொழுஉரம் கலந்து மட்டம் பண்ணி, தண்ணி விட்டு ரெண்டு வாரம் காத்திருங்க. முளைக்கும் களையை வேரோடு எடுத்த பிறகு, நாலு முதல் ஆறு அங்குல இடைவெளியில் புல் துண்டுகளை நடுங்க. ஏற்கெனவே லான் இருந்தால், 200 சதுர அடிக்கு 20 முதல் 25 கிலோ சலித்த மண்புழு உரம் மெல்லிசா தூவினால் போதும்.

ஆவணி - கார்த்திகை (ஆகஸ்ட் பாதி முதல் டிசம்பர் பாதி வரை): புல் கிடுகிடுனு வளரும். வாரம் ஒருமுறை வெட்டணும். ஒரே தடவையில் மூணில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீங்க. ஒட்ட வெட்டினால் வேர் பலவீனமாகும். வெட்டிய தூளை அப்படியே தரையில் விடலாம், மக்கி உரமாகும். மருந்து அடிக்காத புல்னா பக்கத்து வீட்டு ஆட்டுக்கும் கொடுக்கலாம். ஐப்பசி மழையில் தண்ணி தேங்கினால் வட்ட வட்டமா பழுப்புத் திட்டு வரும். அது பூஞ்சை. மருந்துக் கடைக்கு ஓடுறதுக்கு முன்னாடி தண்ணி வடிய வழி பண்ணுங்க.

மார்கழி - தை (டிசம்பர் பாதி முதல் பிப்ரவரி பாதி வரை): ராத்திரி குளிர், காலையில் பனி. வளர்ச்சி மந்தமாகும். மழை இல்லைன்னா வாரம் ஒரு தண்ணி, அதுவும் காலையில் மட்டும். சாயங்காலம் விட்டால் ராத்திரி முழுக்க ஈரம் நின்று பூஞ்சைக்கு விருந்தாகும். உரம் வேண்டாம்.

மாசி - பங்குனி (பிப்ரவரி பாதி முதல் ஏப்ரல் பாதி வரை): கோடைக்குத் தயாராகும் நேரம். தினமும் கொஞ்சம் கொஞ்சமா தெளிக்காமல், வாரம் ஒருமுறை ஆழமா நனைங்க. வேர் தண்ணியைத் தேடிக் கீழே போகும். ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்திப் பாருங்க. நாலு அங்குலம் சுலபமா இறங்கினால் நல்லா நனைஞ்சிருக்கு. புல்லை ரெண்டு அங்குலத்துக்குக் குறையாமல் விடுங்க; அதன் நிழலே மண்ணைக் காக்கும்.

சித்திரை - வைகாசி (ஏப்ரல் பாதி முதல் ஜூன் பாதி வரை): வெயில் சதமடிக்கும் மாசங்கள். உரம், வெட்டு ரெண்டுக்கும் லீவு. காய்ஞ்ச தரையில் யூரியா தூவினால் புல் கருகிடும். பைக்கை மேலே நிறுத்தாதீங்க.

31 குடமா, 15 குடமா?

கோடையில் லானைப் பச்சையாவே வெச்சிருக்க வாரம் சுமார் 25 மில்லிமீட்டர் தண்ணி தேவைன்னு வெச்சுப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். 200 சதுர அடி என்பது சுமார் 18.6 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் வாரத்துக்கு 465 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் 31 குடம்! மூணு வாரத்துக்கு 93 குடம்.

புல்லைத் தூங்க விட்டால்? மூணு வாரத்துக்கு ஒருமுறை 12 மில்லிமீட்டர் போதும். அதாவது 15 குடம். இது புல்லைப் பச்சையாக்காது. மண்ணுக்குள் இருக்கிற தண்டை மட்டும் உயிரோடு வெச்சிருக்கும். தெருவில் குடிதண்ணி லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நிற்கும்போது, மிச்சமாகும் 78 குடம் சின்ன விஷயமில்லை.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணியைப் பயன்படுத்துறவங்க, நல்ல தண்ணியோடு கலந்தே விடுங்க. அதில் உப்பு அதிகம். அதை மட்டுமே தொடர்ந்து விட்டால் மண்ணில் உப்பு படியும்.

செத்துடுச்சா, தூங்குதா?

சந்தேகமா இருந்தால் ஒரு ஓரத்தில் ரெண்டு அங்குலம் தோண்டிப் பாருங்க. உள்ளே இருக்கிற தண்டு வெள்ளையா, கெட்டியா இருந்தால் உயிர் இருக்கு. பழுப்பாகி, தொட்டதும் நொறுங்கினால் அந்தத் திட்டு போயிடுச்சு. ஆனியில் பக்கத்துப் புல்லையே எடுத்து நட்டுடலாம். கரையான் இருக்கான்னும் அப்போதே பார்த்துடுங்க.

ஆக, இந்த மே மாசம் உங்க லான் போட்டோவுக்கு லைக் வராது. பரவாயில்லை. முதல் ரெண்டு நல்ல மழை விழட்டும். அடுத்த வாரமே பச்சைக் குருத்து எட்டிப் பார்க்கும், அப்போ போன் கேமராவைத் திறங்க!