களப்பணியும் கைரேகையும்

என்னிடம் பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. 1994ஆம் வருஷத்து நோட்டு. அட்டையில் என் பெயர், வகுப்பு, அதுக்குக் கீழே 'களப்பணிக் குறிப்பேடு'. உள்ளே ஒரே ஒரு பக்கத்தில் குறுக்காக சிவப்பு மையில் கோடு கிழித்திருக்கும். ஓரத்தில் ஒரு வரி: 'சொந்த உணர்ச்சி. நீக்கி எழுதவும்.' நான் நீக்கி எழுதினேன். கையெழுத்து கிடைத்தது. பட்டமும் கிடைத்தது. அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது, அதை எழுதவிடாமல் செய்தது எது என்பதை இப்போதாவது சொல்லியாக வேண்டும்.

சமூகப்பணி முதுகலை படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு தெரியும். வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, இரண்டு நாள் களம். ஆஸ்பத்திரி, குடிசைப்பகுதி, சிறுவர் இல்லம், தொழிற்சாலை என்று எங்கேயாவது அனுப்புவார்கள். போன நாளெல்லாம் எழுத வேண்டும். அந்த நிறுவனத்து அதிகாரி வருகைத்தாளிலும் மதிப்பீட்டுத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடவில்லை என்றால் பரிட்சையில் எத்தனை மார்க் வாங்கினாலும் படிப்பு முடியாது.

எங்க ஆயாகிட்ட இதைச் சொன்னேன். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க கொருக்குப்பேட்டை வந்தவள். "களத்து வேலையா? நெல்லடிக்கவா உன்ன படிக்க வெச்சோம்?" என்று சிரித்தாள். அவளுக்குக் களம் என்றால் நெல்லடிக்கும் களம்தான். அடிக்கிறவள் அவள். மரக்கால் பிடித்து அளக்கிறவன் வேறொருவன். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

இந்தக் களம் எங்கேயிருந்து வந்தது? 1884இல் லண்டனில் டாயின்பி ஹால் என்ற குடியிருப்பு தொடங்கியது. லண்டன் துறைமுகத்தை ஒட்டிய கிழக்குப் பகுதி அது. கப்பல் கூலிகளும் பஞ்சைகளும் நிறைந்த இடம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் அங்கே தங்கி ஏழைகளோடு பழகவேண்டும் என்பது ஏற்பாடு. 1889இல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் ஹல் ஹவுஸ் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து பம்பாய்க்கு வந்த மிஷனரி கிளிஃபோர்டு மான்ஷார்ட், 1926இல் நாக்பாடாவில் மக்கள் நடுவே அதே மாதிரி ஒரு இல்லம் நிறுவினார். 1936இல் இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்லூரியாக டாட்டா பள்ளி பம்பாயில் தொடங்கியபோது அவர்தான் அதன் முதல் இயக்குநர். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முன்முயற்சியில் 1952இல் சமூகப்பணிப் பள்ளி வந்தது. மேலிருப்பவர் இறங்கி வந்து கீழிருப்பவரைப் பார்ப்பது, பார்த்ததை எழுதுவது என்பதுதான் இந்த வழிமுறையின் அடித்தளம். அவர்களில் பலர் நல்ல மனம் கொண்டவர்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பார்க்கப்படுகிறவன் வீட்டுப் பிள்ளையே ஒருநாள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்கும் என்று அந்த ஏற்பாட்டில் யாரும் யோசித்திருக்கவில்லை.

நம்ம ஊரில் இதற்கு இன்னொரு முன்கதை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1915இல் நியமிக்கப்பட்டவர். மாணவர்கள் கையில் கேள்விப்பட்டியல் கொடுத்து, விடுமுறையில் தங்கள் சொந்த ஊர்களை ஆய்வுசெய்து வரச் சொன்னார். அந்தக் கிராம ஆய்வுகள் 1918இல் புத்தகமாக வந்தன. தென்னிந்தியக் கிராம ஆய்வுகளுக்கு அதுதான் முன்னோடி என்று இன்றுவரை சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களில் பெரும்பான்மையோர் பார்ப்பனர்கள். மற்றவர்களிலும் நிலமுள்ள சாதிகளே அதிகம். அவர்கள் சொந்த ஊரைப் பற்றி எழுதினார்கள். அப்பன் பாட்டன் நிலம் இருக்கும் ஊரைப் பற்றி எழுதினார்கள். அதை யாரும் 'சொந்த உணர்ச்சி' என்று கோடு கிழிக்கவில்லை. அது அறிவியல் ஆனது. இதை நான் பட்டம் வாங்கிப் பல வருஷம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பவே தெரிந்திருந்தால் வாய் திறந்து கேட்டிருப்பேனோ என்னவோ.

சமூகப்பணி மாணவர்கள் தொழிற்சாலைக்குள் போனதற்குக் காரணம் ஒரு சட்டம். தொழிலாளர் பற்றிய விட்லி கமிஷன் 1931இல் தன் அறிக்கையில் தொழிலாளர் அதிகாரிகளை நியமிக்கப் பரிந்துரைத்தது. 1948ஆம் வருஷத்து தொழிற்சாலைகள் சட்டம் பிரிவு 49இல், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நல அதிகாரி கட்டாயம் என்றது. இந்தப் பதவிக்குப் படித்த ஆள் வேண்டும். ஆகவே கல்லூரிகளில் தொழிலாளர் நலம், பணியாளர் மேலாண்மை என்று பாடங்கள் வளர்ந்தன. அதே காலத்தில்தான் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர்வரை தொழிற்சாலைகளும் வளர்ந்தன. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியது எம்.ஆர்.எஃப். 1948இல் அசோக் மோட்டார்ஸ், 1955இல் என்ஃபீல்டு, 1960களில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம். கடலோரக் குப்பங்களுக்கும் சேரிகளுக்கும் நடுவே புகைபோக்கிகள் எழுந்தன. களத்துக்கும் பஞ்சமில்லை, மாணவருக்கும் பஞ்சமில்லை.

வகுப்பில் தொழிற்சங்க வரலாறு நடத்தினார்கள். 1918 ஏப்ரல் 27, சென்னைத் தொழிலாளர் சங்கம், வாடியா, திரு.வி.க., பெரம்பூர் பின்னி ஆலைகள் என்று பெருமையாக எழுதிக்கொண்டோம். 1921 வேலைநிறுத்தம் ஒரு வரியில் போய்விட்டது. அந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பியதும், எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்று பேசியதும், புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் எரிந்ததும், துப்பாக்கிச் சூடு நடந்ததும் என் வகுப்புக் குறிப்பில் இல்லை. பம்பாய் நூலாலைகளில் நெசவுப் பகுதியில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்காததும் இல்லை. அறுந்த நூலை வாயில் வைத்து இழுக்க வேண்டியிருக்கும், எச்சில் பட்டால் தீட்டு என்றார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் அம்பேத்கர் இந்தக் கேள்வியை எழுப்பினார். எங்க பாடத்தில் 'தொழிலாளி' என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது. அந்தச் சொல்லுக்கு சாதி கிடையாது.

என்னை அனுப்பியது எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தொழிற்சாலைக்கு. பெயர் வேண்டாம். கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறி, இறங்கி நடந்தால் கேட். பணியாளர் பிரிவில் குளிர்பதன அறையில் உட்கார வைத்தார்கள். அதிகாரி மரியாதையானவர், டீ வரவழைத்துத் தருவார். மூன்றாவது வாரம் ஒரு வேலை கொடுத்தார். ஒப்பந்தத் தொழிலாளர் சம்பளப் பதிவேட்டில் கூட்டல் சரியா என்று பார்க்க வேண்டும். "இதுதாம்மா நேரடிப் பயிற்சி" என்றார்.

பக்கம் புரட்டிக்கொண்டே வந்தேன். கழிவுத்தொட்டி, கால்வாய் சுத்தம் செய்கிறவர்கள் பட்டியலில் எங்க சித்தப்பா பெயர். நாள் கூலி 38 ரூபாய். பக்கத்தில் கட்டைவிரல் ரேகை. எனக்குக் கை நின்றுவிட்டது. சித்தப்பா கார்ப்பரேஷன் பள்ளியில் அஞ்சாவது வரை படித்தவர். ரேஷன் கடையில், ஓட்டுப் போடுகிற இடத்தில் எல்லாம் அழகாகக் கையெழுத்துப் போடுவார். வீட்டுக்கு அவர் கொண்டுவரும் கூலி 25 ரூபாய் என்பதும் எனக்குத் தெரியும், சித்தி புலம்பாத நாள் இல்லை. பக்கத்தின் அடியில் ஒரு சான்று: 'மேற்கண்ட தொகை என் முன்னிலையில் வழங்கப்பட்டது.' கீழே எனக்கு டீ வாங்கித் தந்தவரின் கையெழுத்து.

அன்றைக்கு மத்தியானம் கேண்டீன் வழியாகப் போகும்போது பின்பக்கச் சுவர் நிழலில் சித்தப்பா தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தார். காலில் காய்ந்த சேறு. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். நானும் அதிகாரிகளோடு நடந்து போய்விட்டேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

ராத்திரி வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"ஏன் சித்தப்பா கூப்புடல?"

"ஆபீசருங்க கூட வர்ற. நான் கூப்ட்டா உனுக்கு அசிங்கமா பூடும்ல கண்ணு."

"கேண்டீனுக்குள்ள ஏன் போல?"

"காண்ட்ராக்ட் ஆளுக்கு டோக்கன் இல்ல. தொட்டில எறங்குறவன் உள்ள வந்தா நாறுதுன்றான்."

"கையெழுத்து போடத் தெரியுமே, ஏன் ரேகை வெச்ச?"

"பேனா கேட்டேன் ஒருவாட்டி. மேஸ்திரி சிரிச்சான். துட்டு எவ்ளோன்னு எழுதாத பக்கத்துலதான் ரேகை வாங்குவானுங்க."

நைனா பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஹார்பரில் மூட்டை தூக்கினவர். ஒண்ணும் சொல்லவில்லை.

சட்டம் என் புத்தகப் பையிலேயே இருந்தது. அப்போது நடப்பில் இருந்த 1970ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், பிரிவு 21: ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கும்போது முதன்மை முதலாளியின் பிரதிநிதி நேரில் இருந்து சான்று தரவேண்டும். குறைத்துக் கொடுத்தால் மீதியை முதன்மை முதலாளியே கொடுக்க வேண்டும். தொழிற்சாலைகள் சட்டமோ ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவனையும் தொழிலாளி என்றே சொன்னது. 250 பேருக்கு மேல் இருந்தால் கேண்டீன் வைக்கச் சொன்ன அதே சட்டம்தான். பரிட்சைக்கு இதையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். நலம் பார்க்க அதிகாரியை வைக்கச் சொன்ன சட்டமும் அதுதான். அந்த அதிகாரியின் கையெழுத்துதான் எங்க சித்தப்பாவின் 13 ரூபாயை நாள்தோறும் விழுங்கியது.

அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதினேன். பதிவேட்டில் இருப்பது, கையில் வருவது, கைரேகை, கேண்டீன், சுவர் நிழல் எல்லாம். அவர் என் சித்தப்பா என்பதையும் மறைக்கவில்லை. பேராசிரியர் வாசித்துவிட்டுக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "நீ எழுதினது உண்மைன்னு எனக்குத் தெரியும். ஆனா இதை அவங்க பார்த்தா உன் தாள்ல கையெழுத்து வராது. அடுத்த வருஷம் நம்ம பிள்ளைங்க யாரையும் உள்ள விடமாட்டாங்க." பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார். உண்மை என்று சொன்னவர், நோட்டில் எழுதியது 'சொந்த உணர்ச்சி' என்று.

சித்தப்பாவிடம் போனேன். அவர் "எழுது" என்று சொல்லிவிட்டால் துணிந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. அவர் யோசிக்கவே இல்லை. "எழுதாத கண்ணு. நீ எழுதி எனுக்கு துட்டு வராது, இருக்கிற வேலையும் பூடும். பட்டத்த வாங்கிக்கினு வா. அப்பால பாத்துக்கலாம்."

நீக்கி எழுதினேன். 'ஒப்பந்தத் தொழிலாளருக்கான நல வசதிகளை மேம்படுத்த வாய்ப்புள்ளது.' இதுதான் புதுப்பக்கத்தில் இருந்த வாக்கியம். 'மிகச் சிறந்த பயிற்சியாளர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் அதிகாரி. எங்க தெருவில் முதல் முதுகலைப் பட்டம் நான்தான். ஆயா தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள்.

அப்பால பார்த்துக்கொள்ள நேரம் வாய்க்கவில்லை. நாலு வருஷத்தில் நெஞ்சு அடைத்து சித்தப்பா ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். அவர் எந்தத் தொழிற்சாலைக்கு உழைத்தார் என்பதற்கு என் நோட்டில் கோடு கிழித்த அந்தப் பக்கத்தைத் தவிர எங்க கையில் வேறு காகிதம் இல்லை.

இதைத் தனியாள் கோழைத்தனம் என்று நீங்கள் சொல்லலாம். அதில் என் பங்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாணவி, பேராசிரியர், சித்தப்பா மூன்று பேரும் பேசாமல் போனதற்கு ஒரே காரணம், கையெழுத்து எதிர்ப்பக்கம் இருந்தது. களப்பணி முடிந்தது என்று சொல்லும் அதிகாரம் களத்தின் முதலாளியிடம் இருக்கும்வரை மாணவர் எழுதுவது அவருக்குப் பிடித்த உண்மையாகத்தான் இருக்கும். மேலேயிருந்து வருகிற மாணவருக்கு இது வெறும் மார்க் விஷயம். சேரியிலிருந்து போகிற மாணவருக்கோ ஒரு பக்கம் பட்டம், இன்னொரு பக்கம் சொந்த இரத்தத்தின் கூலி.

காலம் மாறியிருக்கிறது. அந்தச் சட்டங்களின் இடத்துக்கு 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புகள் வந்துவிட்டன. எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்து ஜனங்கள் தெருவில் மயங்கி விழுந்தார்கள். அப்புறம் மாணவர்கள் படிவங்களோடு வந்ததைப் பார்த்தேன். அதில் நம்ம பிள்ளைகளும் இருந்தார்கள், அதே தெருக்களில் பிறந்தவர்கள். ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "அக்கா, எங்க அம்மாவும் ஆஸ்பத்திரில இருந்தாங்க. அத ரிப்போர்ட்ல எழுதலாமா?"

எழுது என்றேன். ஸ்லேட்டர் மாணவர்கள் கதையைச் சொன்னேன். பல்கலைக்கழகங்களிடம் நாம் கேட்க வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மதிப்பீட்டுத் தாளில் இன்னொரு கட்டம் வேண்டும். அதில் களத்து மக்கள், தொழிற்சங்கம், தெருச் சங்கம் கையெழுத்துப் போட வேண்டும். எழுதினதை அவர்களுக்கு முதலில் வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு மாணவர் உண்மை எழுதியதால் நிறுவனம் கையெழுத்து மறுத்தால் கல்லூரியே அந்தக் களப்பணியை நிறைவு என்று ஏற்க வேண்டும். அதுவரைக்கும் இரண்டு நோட்டு வைத்துக்கொள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கோடு கிழித்த பக்கத்தைக் கிழித்துப் போடாதே என்றும் சொன்னேன்.

பச்சை நோட்டை அவளிடம் காட்டினேன். அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு கையெழுத்து உண்டு. எழுதாதே என்று சொன்ன அன்றைக்கே, நான் வற்புறுத்திக் கேட்டதால், பேனாவை வாங்கி சித்தப்பா போட்டது. முழுப் பெயர், தமிழில், கோடு மாறாமல்.