தென் தாங்கெராங் அருங்காட்சியகம்: ஒரு வரலாறு

இந்தோனேசியாவில் ஜகார்த்தாவை அடுத்த தென் தாங்கெராங்கில், வரிசையாக நிற்கும் கடைக் கட்டடங்களுள் ஒன்றில் உருவானது பெரானாக்கான் சீனர், அதாவது அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த சீன வழியினர், எழுதிய நூல்களுக்கான அருங்காட்சியகம். 2011இல் இதை நிறுவிய அஸ்மி அபூபக்கர் சீனர் அல்லர். ஆச்சே வழிவந்த முஸ்லிம். 1998 மே கலவரத்தில் ஜகார்த்தாவில் சீனர்களின் கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டபோது அவர் கல்லூரி மாணவர். அந்த மக்களைப் பற்றி நாட்டுக்குச் சரிவரத் தெரியவில்லையே என்பது அவரை உறுத்தியது. அவர்கள் எழுதிய நூல்களையும் நடத்திய இதழ்களையும் தேடித்தேடிச் சேர்த்தார்.

சேர்ப்பதற்கு ஏராளம் இருந்தது. நவீன இந்தோனேசிய இலக்கியத்தை 1920களில், நாட்டை அப்போது ஆண்ட டச்சு அரசின் பாலாய் புஸ்தாகா பதிப்பகத்திலிருந்து தொடங்கிச் சொல்வது நெடுநாள் வழக்கம். பெரானாக்கான் எழுத்தாளர் தியோ ஜின் பூனின் ‘ஓய் செ’ நாவலோ 1903இலேயே வந்துவிட்டது. பிரெஞ்சு ஆய்வாளர் குளோடின் சால்மோன் இந்தோனேசியச் சீனர்களின் மலாய்ப் படைப்புகளைத் தொகுத்து 1981இல் வெளியிட்ட நூற்பட்டியலில் 806 எழுத்தாளர்கள் இடம்பெற்றார்கள். படைப்புகள் ஏறத்தாழ 3,000. சந்தையிலும் துறைமுகத்திலும் எல்லா இனத்தாரும் பேசிய மலாயில் எழுதியதால் இவற்றைத் ‘தாழ்ந்த மலாய்’ என்று ஒதுக்கினார்கள். அந்தப் பொதுமொழிதான் இவற்றின் பெருமை என்பேன்.

க்வீ தெக் ஹோய் 1927இல் எழுதிய ‘சிகெம்பாங் ரோஜா’வையே பாருங்கள். தோட்ட நிர்வாகி ஆய் செங், மார்சிதி என்ற சுண்டா இனப் பெண்ணோடு மனமொத்து வாழ்கிறான். தந்தையின் வற்புறுத்தலால் சீனப் பெண் க்வாட் நியோவை மணக்கிறான், மார்சிதி விலகிப்போகிறாள். இந்த மணத்தில் பிறந்த மகள் லிலி, தன் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிடுகிறாள். துயரத்தில் உழலும் அவளது மாப்பிள்ளை, அவளை உரித்துவைத்தாற்போன்ற ரோஸ்மினாவைச் சந்திக்கிறான். அவள் ஆய் செங்குக்கு மார்சிதி பெற்ற மகள். மார்சிதியும் க்வாட் நியோவும் ஒரே தந்தையின் பெண்கள் என்பதும் தெரியவருகிறது. டச்சு ஆட்சி சீனரையும் மண்ணின் மக்களையும் சட்டத்திலேயே தனித்தனி வகுப்பாக்கி வைத்திருந்த காலத்தில், இரு தரப்பும் ஒரே குடும்பம் என்று ஒரு நாவல் துணிந்து சொன்னது. ஆனாலும் மார்சிதி செத்த பிறகே அவள் மகளுக்கு ஆய் செங்கின் வீட்டில் இடம் கிடைக்கிறது. வாசிக்கும்போதெல்லாம் என் மனம் ஆறாத இடம் அது.

நாவலுக்கு வெளியே, விடுதலைக்குப் பிறகும் பிளவு நீடித்தது. 1960இல் சீனர்களுக்காக வாதாடி ஒரு நூல் எழுதியதற்காக இந்தோனேசிய எழுத்தாளர் பிரமூத்யா அனந்த தூர் சிறை சென்றார். 1967இல் அன்றைய ஆட்சியாளர் சுகார்த்தோ பிறப்பித்த ஆணை சீனப் பண்டிகைகளைப் பொதுவெளியிலிருந்து அகற்றியது. 2000இல் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் அதை நீக்கினார். அதன்பின் பழைய சீன-மலாய் நாவல்கள் சில தொகுதிகளாக மறுபதிப்புக் கண்டன. மறுபதிப்பு காணாதவையே மிகுதி. உதிரும் தாள்களோடு அவற்றை வாங்கிக் காத்துவைக்கும் வேலையைத்தான் அஸ்மி தொடங்கினார்.