வீட்டுத் தன்னியக்கத்தில் அகச்சிவப்புத் தொலையியக்கி

பேச்சு வழக்கில் ரிமோட் எனப்படும் தொலையியக்கி அனுப்பும் அகச்சிவப்புக் குறிகைகளை ஒரு கட்டுப்படுத்தியே உருவாக்கி அனுப்பி, தொலைக்காட்சி, ஏ.சி., மின்விசிறி முதலிய கருவிகளை இயக்குவது வீட்டுத் தன்னியக்கத்தில் பரவலான ஒரு முறையாகும். இணைய வசதி இல்லாத பழைய கருவிகளையும், அவற்றைத் திறந்து மாற்றாமலேயே, இம்முறையால் தன்னியக்கத்துக்குள் கொண்டுவரலாம். ஆனால் இது ஒருவழித் தொடர்பு ஆகும். ஆணை சென்று சேர்ந்ததா என்பதைக் கருவி திருப்பிச் சொல்வதில்லை.

வரலாறு

1955 இல் அமெரிக்காவின் செனித் நிறுவனம் வெளியிட்ட பிளாஷ்மேட்டிக் என்னும் தொலையியக்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தொலைக்காட்சித் திரையின் மூலைகளிலிருந்த ஒளியுணரிகள் மீது பாய்ச்சியது. வெயில் பட்டாலும் அலைவரிசை மாறியதால் அது நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டு மீயொலியைப் பயன்படுத்தும் தொலையியக்கி வந்தது. 1980களில் அகச்சிவப்புக் கதிர் அதன் இடத்தைப் பிடித்தது. பிற தொலையியக்கிகளின் குறிகைகளைக் கற்றுக்கொண்டு திருப்பி அனுப்பும் கோர் என்னும் கருவியை 1987 இல் ஆப்பிள் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் வெளியிட்டார். இன்றைய அகச்சிவப்புக் கட்டுப்படுத்திகள் செய்வதும் அடிப்படையில் அதுவே. 2014 இல் வெளிவந்த, வைஃபை வசதியுள்ள ஈ.எஸ்.பி.8266 சில்லு இத்தகைய கருவிகளை மாணவர்களும் மலிவாகச் செய்துகொள்ள வழிவகுத்தது.

செயற்படும் முறை

தொலையியக்கியின் முனையிலுள்ள எல்.ஈ.டி. பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிரை உமிழ்கிறது. இது கண்ணுக்குப் புலப்படாது; ஆயினும் பல கைப்பேசிகளின் படக்கருவி வழியே பார்த்தால் வெளிறிய ஊதா நிறமாகத் தெரியும். வெயிலும் விளக்கொளியும் குழப்பாதிருக்க, இக்கதிர் நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை அணைந்து எரியும்படி பண்பேற்றப்படுகிறது. பெறும் கருவி அந்த அதிர்வெண்ணை மட்டும் பிரித்தெடுக்கிறது.

இத்துடிப்புகளின் கால அளவே செய்தியாகும். பரவலாக வழங்கும் என்.ஈ.சி. நெறிமுறையில் 9 மில்லிநொடித் துடிப்பும் 4.5 மில்லிநொடி இடைவெளியும் தொடக்கத்தைக் குறிக்கும். பின்னர் 32 இருமங்கள் வருகின்றன. முகவரியும் ஆணையும் ஒவ்வொன்றும் நேராக ஒருமுறையும் தலைகீழாக ஒருமுறையும் அனுப்பப்படுவதால் பிழையைக் கண்டறிய முடிகிறது. பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆர்.சி.5 நெறிமுறை 36 கிலோஹெர்ட்சில் 14 இருமங்களை அனுப்புகிறது.

ஏ.சி.க்களின் வழி வேறு. அவற்றின் தொலையியக்கி பொதுவாக அழுத்திய பொத்தானை மட்டும் அனுப்புவதில்லை. வெப்பநிலை, விசிறி வேகம், இயங்கு முறை ஆகிய அனைத்தையும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே அனுப்புகிறது. எனவே 24 பாகையிலிருந்து 25 க்கு ஏற்றும்போது பதிவு செய்த குறிகையை மீண்டும் அனுப்பினால் வெப்பநிலை ஒரு பாகை கூடாது. எப்போதும் 25 ஆகவே அமையும். புதிதாகச் செய்து பார்ப்போர் முதலில் தடுக்கி விழும் இடம் இது. பொத்தான்களைப் பதிவு செய்வதைவிட, அந்த நிறுவனத்தின் நெறிமுறை அறிந்த மென்பொருளைக் கொண்டு குறிகையை உருவாக்குவதே இங்குச் சரியான வழியாகும்.

நிலையறியாச் சிக்கல்

தொலைக்காட்சிகளிலும் செட்டாப் பாக்சுகளிலும் இயக்கவும் அணைக்கவும் பெரும்பாலும் ஒரே குறிகைதான். தமிழ்நாட்டில் 2006 முதல் 2011 வரை அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிகளை வழங்கியது. 2017 முதல் அரசு கேபிள் டிவி நிறுவனம் செட்டாப் பாக்சுகளை வழங்கியது. இவ்வாறு ஒரே திரைக்கு இரு தொலையியக்கிகள் உள்ள வீட்டில், ஒரு குறிகை தவறினாலும் திரை எரிய, பெட்டி அணைந்துவிடும். அடுத்த ஆணை நிலையைத் திருத்தாது, தலைகீழாக்கும்.

ஏ.சி.யில் இதன் விளைவு மின்கட்டணத்தில் தெரியும். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து புறநகர்த் தொடர்வண்டியில் சென்னைக்குப் புறப்பட்ட ஒருவர், வண்டியிலிருந்தே வீட்டு ஏ.சி.யை அணைக்க ஆணையிடுவதாகக் கொள்வோம். திரைச்சீலை ஒன்று குறுக்கே இருந்தாலே குறிகை தடைபடலாம். கைப்பேசி "அணைந்தது" என்றே காட்டும். பூட்டிய வீட்டில் ஏ.சி. மாலை வரை ஓடிக்கொண்டிருக்கும். உண்மையில் கைப்பேசி காட்டுவது ஏ.சி.யின் நிலையை அன்று, கட்டுப்படுத்தி கடைசியாக அனுப்பிய ஆணையை மட்டுமே.

தொலையியக்கியால் இயங்கும் பி.எல்.டி.சி. மின்விசிறிகளில் வேறொரு தடை உண்டு. அறையை விட்டு வெளியேறும்போது சுவரிலுள்ள சுவிட்சை அணைப்பது தமிழக வீடுகளில் ஊறிய பழக்கம். மின்சாரம் துண்டிக்கப்பட்ட விசிறி எந்தக் குறிகையையும் கேளாது. மின்வெட்டுக்குப் பின் கருவி எந்நிலையில் மீளும் என்பதும் கருவிக்குக் கருவி மாறுபடும்.

தீர்வுகள்

மிக நம்பகமானது மின்னோட்டத்தை அளப்பதாகும். ஒன்றரை டன் ஏ.சி. முழுத் திறனில் இயங்கும்போது 1,000 வாட்டுக்கும் மேல் எடுக்கும். காத்திருப்பு நிலையில் சில வாட்டுகளே எடுக்கும். ஆணைக்குப் பின் இந்த அளவு மாறாவிடில் கட்டுப்படுத்தி மீண்டும் அனுப்பலாம். இன்வெர்ட்டர் வகை ஏ.சி. குறைந்த சுமையில் மிகக் குறைவாகவே எடுப்பதால், அதற்குரிய வரம்பைத் தாழ்வாக வைக்க வேண்டும். காற்று வெளிவரும் இடத்தில் வெப்பநிலை உணரி வைப்பது மலிவானது. ஆனால் மாற்றம் தெரியச் சில நிமிடங்கள் ஆகும்.

வீட்டினர் கையிலுள்ள தொலையியக்கியை அழுத்தும்போது அதையும் கேட்டுப் பதிவு செய்யும் ஏற்பியைக் கட்டுப்படுத்தியில் சேர்ப்பது உண்டு. தொலையியக்கி எதிர்த்திசையில் நீட்டப்பட்டால் இது தவறவும் கூடும். அகச்சிவப்புக் கதிர் சுவரை ஊடுருவாததால் ஒவ்வோர் அறைக்கும் தனி உமிழி தேவைப்படுகிறது. இதே காரணத்தால் அண்டை வீட்டுத் தொலைக்காட்சி குழப்பமடைவதும் இல்லை.